வெட்டினது, தைக்காதது



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒட்டுச்சித்திரம் செய்யத் துணித் துண்டுகள் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு பிள்ளையின் அம்மம்மா தலையணை உறை ஒன்றை நிரப்பி அனுப்பியிருந்தா. கொட்டிப் பிரித்தபோது அடியில் ஒரு சுருள் இருந்தது. பூப்போட்ட சீத்தைத் துணி. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, கழுத்துப்பட்டி எல்லாம் அளவாக வெட்டி, அதே துணிக் கீலத்தால் கட்டியிருந்தது. உள்ளே பெயரும் அளவும் எழுதிய மங்கிய துண்டுக் கடதாசி. வெட்டிய சட்டை, ஆனால் தைக்கவேயில்லை.

தவறுதலாக வந்திருக்கும் என்று பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுருளைக் கையில் வாங்கியவ, "ரீச்சர், நீங்கள் சோனகத் தெரு ஆக்களோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு சொன்னா: "இது உங்கட ஆக்களிட்டத் தைக்கக் குடுத்தது. தொண்ணூறிலை போகேக்கை, பக்கத்துக் கடைக்காரரிட்டை ஆக்களின்ர துணியெல்லாம் குடுத்திட்டுப் போனவராம் அந்த ரெயிலர். அவர் தேடித் தந்தவர். வேற ஆக்களிட்டத் தைக்க மனம் வரேல்லை."

வீடு வந்தும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கும் துணிக்கும் உள்ள உறவு பழையது. நெல்லியடிச் சந்தியில் 750 பஸ் ஏறினால் போய்ச் சேரும் ஊரின் பெயரே பருத்தித்துறை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மண்ணைத் தோண்டி எடுத்த சாயவேர்தான் அந்தக் காலத்துத் துணிகளுக்குச் சிவப்பு ஏற்றியது. ஒல்லாந்தர் அதையும் தங்கள் வருமானமாக்கிக்கொண்டார்கள். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து துணி கொண்டுவந்தவர்களில் மரைக்காயர்களும் இருந்தார்கள். 1877இல் சிங்கர் கம்பனி இலங்கைக்கு வந்த பிறகு, தையல் மெசின் மெல்ல மெல்லக் கடைவாசலுக்கும் வீட்டு விறாந்தைக்கும் வந்தது. யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலருக்கு அதுவே பிழைப்பானது. இரும்புக்கடை, இறைச்சிக்கடை, லொறி ஓட்டம் போலத் தையலும் எங்கள் ஆட்களின் அடையாளத் தொழில்.

தையற்கடையில் பெரிய வேலை தைப்பதல்ல, வெட்டியதைப் பத்திரப்படுத்துவது என்று உம்மம்மா சொல்லுவா. வெட்டிய துணியை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுக்க ஏலாது. வேறொருவருக்கும் பொருந்தாது. ஒருவருடைய துண்டு இன்னொருவருடையதோடு கலந்தால் இரண்டு சட்டையும் நாசம். அதனால்தான் ஒவ்வொருவருடையதையும் தனிச் சுருளாக்கி, அதே துணியால் கட்டி, பெயர்த் துண்டு வைப்பார்கள். குண்டூசி துருப்பிடித்துக் கறையாக்கும் என்பதால் குத்துவதில்லை. பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை. மிஞ்சும் கையகலத் துண்டையும் கேட்காமல் எடுக்கக்கூடாது. இதற்கு எங்கள் வீட்டில் ஒரே சொல்தான்: அமானிதம். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருள்.

1990 ஒக்டோபர் 15இல் சாவகச்சேரி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆட்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். கொடுத்த நேரம் இரண்டு மணித்தியாலம். கொண்டுபோகலாம் என்று விட்ட காசு 150 ரூபா என்பதுதான் எங்கள் ஆட்களின் நினைவில் நிற்கும் கணக்கு. அந்த மாதத்தில் வடக்கிலிருந்து போனவர்கள் 70,000க்கும் மேல். மெசின்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள்ளும் ஒருவர் மற்றவர்களின் துணியை நினைத்திருக்கிறார். இன்னொருவர் அதை வாங்கி, உரியவரைத் தேடிக் கொடுத்திருக்கிறார்.

புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் உம்மம்மா திரும்பவும் ஊசி எடுத்தா. ஆடைத் தொழிற்சாலைக் கழிவுத் துண்டுகளை நிறுத்து விற்பார்கள். நிறம் பிரித்து, ஒரே அளவாக வெட்டி, மாப்பைக்குள் அடுக்கி வைப்பா. போதிய அளவு சேர்ந்ததும் அது போர்வையாகும். நான் போர்த்துப் படுத்தது அந்தத் துண்டுப் போர்வையைத்தான். இங்கிருந்தவர்களுக்கும் துணி வேறு கதை சொல்லும். 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டக் கலியாணச் சேலைகளையும் வெட்டித் தைத்தார்கள். துண்டு துண்டானது ஒரு சமூகம் மட்டுமல்ல.

துண்டு சேர்ப்பது உலகம் முழுக்க உள்ள பழக்கம். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரே துணி இரண்டு முறை வராத போர்வை தைக்கப் பெண்கள் துண்டுகளை ஆளுக்காள் மாற்றிக்கொண்டார்கள். இன்று ஐந்து அங்குலச் சதுரங்களாக வெட்டிக் கட்டியே கடையில் விற்கிறார்கள். கர்நாடகத்தில் ஆபிரிக்க வம்சாவளிச் சித்தி மக்களில் முஸ்லிம், கிறிஸ்தவ, இந்துப் பெண்கள் எல்லோரும் பழந்துணியில் 'கவந்தி' என்ற போர்வை தைக்கிறார்கள். நாலு மூலையிலும் மடித்த துணிப் பூ வைக்காவிட்டால் அது முடிந்த போர்வை அல்ல.

எங்கள் போர்வைக்கும் மூலை இன்னும் மிச்சம் இருக்கிறது. திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். வழக்குகளும் காணிகளும் பெரியவர்கள் பேசட்டும். நான் கேட்பது சின்ன விசயம். உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய வெட்டுத்துண்டுப் பை, அளவுக் கொப்பி, பெயர்த் துண்டு ஏதாவது இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பொலித்தீனில் கட்டிவைத்தால் ஈரம் பிடிக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, வருடத்தில் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். யார் கொடுத்தது, யார் வெட்டியது, எந்த வருடம் என்று ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். அறிந்தவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

அந்த அம்மா நான் வெளிக்கிடும்போது சுருளை என்னிடமே நீட்டினா. "உங்கட உம்மா தைப்பாவோ ரீச்சர்? இப்ப எனக்கு அளவு வராது. பேத்திக்குச் சின்னனாக்கித் தைச்சுத் தாங்கோ."

உம்மா மெசினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறா. பெருநாளுக்கு முன்னம் முடித்துவிடுவா, இன்ஷா அல்லாஹ்.