முழுமூச்சும் முட்டுக்கட்டையும்: உச்ச முயற்சியைச் சுட்டும் தொடர்கள் குறித்து

ஒரு காரியத்துக்காகக் கைவசமுள்ள வழிகளில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் பயன்படுத்துவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்' என்னும் மரபுத்தொடர், தமிழுக்கு வரும்போது 'தடைகளையெல்லாம் அகற்றி' என்றோ 'முழுமூச்சாக' என்றோ ஆகிவிடுவதுண்டு. இவற்றுள் முன்னது பிழை. பின்னது பாதியளவே பொருந்துவது.

'ஸ்டாப்' என்பது இங்கே தேவாலயங்களில் இசைக்கப்படும் குழல் ஆர்கனின் உறுப்பாகும். ஒவ்வொரு குழல் வரிசைக்கும் ஒரு குமிழ் உண்டு. அது உள்ளே தள்ளியிருக்கும்வரை அவ்வரிசைக்குக் காற்றுச் செல்லாது, வெளியே இழுத்தால் செல்லும். எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டால் கருவி தன் முழு ஒலியையும் எழுப்பிவிடும். இதை உருவகமாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் ஆங்கிலத் திறனாய்வாளர் மாத்யூ ஆர்னால்டு. 1865இல் வெளிவந்த தம் திறனாய்வுக் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் ஆங்கிலேயரையே ஓர் ஆர்கனாக்கி, அதில் இன்னும் சில குமிழ்களை இழுத்துப் பார்க்கும் வேலையைப் பற்றி எழுதினார். உள்ளே இருக்கும் குமிழ் காற்றைத் தடுக்கிறது என்பதால், 'தடை' என்ற பொருளுக்கு வேரில் இடமுண்டு என்று வாதிடலாம். ஆயினும் வழக்கில் அத்தொடர் சுட்டுவது எதிரே நிற்கும் தடையை அன்று. அதுவரை தொடாமல் வைத்திருந்த ஆற்றலையே.

இந்தக் குமிழ் தமிழருக்கும் அயலானதன்று. செட்டிநாட்டுக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமண நாடகத்தில், ஆர்மோனியக்காரர் துருத்தியில் கைவைக்கும் முன் பெட்டியின் முகப்பிலுள்ள குமிழ்களை இழுத்துவிடுகிறார். அவற்றுக்கு அவர் வழங்கும் பெயரும் 'ஸ்டாப்பர்'தான். ஆனால் தமிழ் அக்குமிழை விட்டுவிட்டு, சுருதியைக் குறிக்கும் 'கட்டை'யை எடுத்துக்கொண்டு 'எட்டுக்கட்டைக் குரல்' என்று ஆக்கிக்கொண்டது. அதுவும் தொண்டையின் உச்சத்தோடு நின்றுவிட்டது.

உழைப்பின் உச்சத்துக்குத் தமிழ் நாடியது உடலை. காலைக் குறிக்கும் 'தாள்' என்ற சொல்லையே திருக்குறள் முயற்சிக்கும் ஆள்கிறது. இன்றைய வழக்கிலுள்ள முழுமூச்சு, தம் கட்டுதல், வரிந்து கட்டுதல், தலைகீழாக நிற்றல், குட்டிக்கரணம் போடுதல் ஆகியவையும் உடல்வழிப் பிறந்தவையே. ஆனால் இவற்றின் இலக்கணம் ஒன்றுபோல் இல்லை. 'முழுமூச்சாக' என்பது உடன்பாட்டுத் தொடரில் இயல்பாக வரும். தலைகீழாக நிற்பதும் குட்டிக்கரணமும் பெரும்பாலும் '-ஆலும்' என்னும் விகுதியோடு சேர்ந்து, 'தலைகீழாக நின்றாலும் நடக்காது' என்று முயற்சியின் வீண்மையையே உரைக்கும். 'வரிந்து கட்டிக்கொண்டு வருகிறார்' என்பதிலோ பாராட்டைவிடக் கண்டனமே மிகுதி.

எஞ்சியிருப்பது, கையிருப்பில் ஒன்றையும் மிச்சம் வைக்காமை என்ற பொருள். அதற்குச் செட்டிநாட்டுப் பேச்சிலேயே நேரான தொடர் இருக்கிறது. அங்குள்ள நகரத்தார் சமூகத்தின் திருமணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களை உறவினர் காணப் பரப்பிவைப்பது வழக்கம். பித்தளை அண்டா முதல் சிறு கரண்டி வரை வரிசையாக வைக்கப்பட்ட அதைப் பார்த்து வருவோர், 'ஒரு குறை வைக்காமச் செஞ்சாக' என்கிறார்கள். இங்கு முயற்சி மூச்சாலோ வியர்வையாலோ அளக்கப்படுவதில்லை. விடுபட்டது ஒன்றுமில்லை என்பதால் அளக்கப்படுகிறது. எல்லாக் குமிழ்களும் இழுக்கப்பட்ட ஆர்கனின் கணக்கும் இதுவே.

கூட்டு முயற்சிக்கு 'ஊர் கூடித் தேர் இழுத்தல்' உண்டு என்பர். அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு ஆளவேண்டும். தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் உஞ்சனை, செம்பொன்மாரி உள்ளிட்ட நான்கு நாட்டார் (ஊர்த் தொகுதியினர்) வடம் பிடிக்கும் ஆனித் தேர், வடத்தை யார் தொடலாம் என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, பல ஆண்டுகள் ஓடாமல் நின்று, 2024இல் மீண்டும் ஓடியது. 'ஊர்' என்ற சொல்லுக்குள் யார் அடக்கம் என்பது தொடரிலேயே தீர்ந்துவிடும் வினா அன்று.

'தடைகளையெல்லாம் அகற்றி' என்ற பிழையான மொழிபெயர்ப்புக்கும் அதே தேர்தான் விளக்கம் தருகிறது. சக்கரத்தடியில் போடும் முட்டுக்கட்டை தேரை நிறுத்துவதற்கு மட்டுமன்று, வீதி முனையில் திருப்புவதற்கும் உரியது. கட்டை போடுபவரின் கைத்திறன் இல்லாமல் தேர் நிலைக்குத் திரும்பாது. ஆர்கனின் குமிழும் தேரின் கட்டையும் விசையை ஆளும் கருவிகளே எனினும், ஆங்கில உருவகம் குமிழை ஆற்றலின் பக்கம் கொண்டுசென்றது, தமிழ் உருவகம் கட்டையை இடையூறாகவே நிறுத்திக்கொண்டது. ஆகவே 'ஸ்டாப்' என்றதும் தமிழர் காதில் முட்டுக்கட்டை ஒலிக்கிறது. மொழிபெயர்ப்போர் தனியாள் உழைப்புக்கு 'முழுமூச்சாக' என்றும், வழிவகைகளைத் திரட்டும் முயற்சிக்குக் 'குறை வைக்காமல்' என்றும் எழுதலாம்; முட்டுக்கட்டையை நீக்கும் வேலையைத் தேரடியிலேயே விட்டுவிடுவது நல்லது.