வண்ணத்துப்பூச்சிக்குப் பூச்சி வீடு போதுமா?

வசந்தம் தொடங்கியதும் சுவிஸின் தோட்டக் கடைகளில் மரத்தாலான பூச்சி வீடுகள் அடுக்கப்பட்டிருக்கும். டொச்சில் 'இன்செக்டன்ஹோட்டல்'. அதில் நெட்டையான பிளவுகள் வெட்டிய ஒரு பகுதி இருக்கும், அது வண்ணத்துப்பூச்சிக்காம். பிள்ளைகள் கேட்பதால் எம்மவர் பலரும் வாங்கி பால்கனியிலும், நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத்துண்டிலும் மாட்டியிருக்கிறோம்.

மூங்கில் துளைகளுக்குத் தனித்தேனீக்கள் வரும். பிளவுகளுக்குள் வண்ணத்துப்பூச்சி வருவது அபூர்வம். பெரும்பாலும் சிலந்திதான் குடியிருக்கும். பூச்சி வீடு வீண் என்று நாம் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தைக் கழிக்கும் விதம் வேறு.

எலுமிச்சை மஞ்சளில் பறக்கும் 'சித்ரோனன்ஃபால்டர்' எஃபோய்க் கொடியின் இலைகளுக்கிடையே, வெட்டவெளியிலேயே தங்கும். அதன் உடல்நீர் இலகுவில் உறையாது. மறை 20 பாகை வரை தாங்கும். மயிற்கண் வண்ணத்துப்பூச்சியும் 'கிளைனர் ஃபுக்ஸ்' என்பதும் சூடேற்றாத கெல்லர், எஸ்ட்ரிக், மரப்பொந்துகளைத் தேடும். மாதக்கணக்கில் உணவில்லை. கணக்காளர் பாஷையில் சொன்னால், வரவு இல்லாமல் முதலைத் தின்று சீவிக்கும் காலம்.

எமது தோட்டங்களுக்கு மிக நெருக்கமானது 'ஷ்வால்பன்ஷ்வான்ஸ்'. ஊரில் கறிவேப்பிலையிலும் தேசி மரத்திலும் புழுவாக இருந்து பறக்கும் பெரிய வண்ணத்துப்பூச்சிகளின் சொந்தம் இது. இங்கே கரட், பெருஞ்சீரகம், சதகுப்பை இலைகளில் வளரும். பச்சை உடலில் கறுப்பு வளையமும் செம்மஞ்சள் புள்ளியும் கண்டால் நசுக்கவேண்டாம். ஒரு செடியில் சிலதான் இருக்கும், விளைச்சல் குறையாது. இலையுதிர் காலத்தில் அது காய்ந்த தண்டில் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளும். நாமோ ஒக்டோபரில் தோட்டத்தைத் துடைத்து வழித்து, அந்தத் தண்டுகளைப் பச்சைக்கழிவுப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். அங்கேதான் அடுத்த வருடத்து வண்ணத்துப்பூச்சி போகிறது.

துப்புரவில்லை என்று தோட்டச் சங்கத்திலிருந்து கடிதம் வருமோ என்ற பயம் எம்மிடம் உண்டு, அது நியாயமானதும்கூட. அப்படியானால் தண்டுகளைக் கட்டாகக் கட்டி, மே மாதம் வரை வேலியோரம் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். வெயில் படும் மூலையில் ஒரு பாயளவுக்கு 'பிரென்னெசல்' விடுங்கள். எங்கள் காஞ்சோண்டி மாதிரிச் சுணைக்கும். ஆனால் மயிற்கண்ணும் கிளைனர் ஃபுக்ஸும் முட்டையிடுவது அதில்தான்.

ஊதாப் பூக்குலைகள் கொண்ட 'சொமர்ஃபிளீடர்' பற்றியும் சொல்லவேண்டும். வண்ணத்துப்பூச்சி மரம் என்று பலர் வைத்திருக்கிறார்கள். தேன் கொடுக்கும், இங்குள்ள புழுக்களுக்கு உணவாவது மிகக் குறைவு. பரவி மற்றச் செடிகளை அமுக்குவதால் 2024 செப்டெம்பர் 1 முதல் சுவிஸில் அதன் விற்பனைக்குத் தடை. பதிலாக ஓரிகானோவைப் பூக்க விட்டாலே போதும்.

குளிர்காலத்தில் வரவேற்பறைக்குள் ஒன்று படபடத்தால் ஹீட்டர் சூட்டில் வைத்திருக்கக்கூடாது. விழித்திருந்தால் சேமிப்புக் கரைந்து இறந்துவிடும். சிறு காட்போட் பெட்டியில் ஒரு பிளவு வெட்டி, பூச்சியை உள்ளே விட்டு, குளிரான கெல்லரில் வையுங்கள். மார்ச்சில் வெயில் வந்ததும் பெட்டியையும் ஜன்னலையும் திறந்துவிடவேண்டும்.