கேப்டன் அமெரிக்கா: பழைய இதழ்களும் மறுவாசிப்பும்

கேப்டன் அமெரிக்கா, அமெரிக்கக் கொடியையே உடையாக உடுத்திய காமிக்ஸ் நாயகன். ஜோ சைமனும் ஜேக் கிர்பியும் உருவாக்கிய இந்தப் பாத்திரத்தை, பின்னாளில் மார்வெல் என்று பெயர் மாறிய டைம்லி காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்டது. நோஞ்சான் உடம்பால் ராணுவத்தில் சேர முடியாமல் போன ஸ்டீவ் ரோஜர்ஸ் என்ற இளைஞன், ரகசிய மருந்து ஒன்றால் மாவீரனாகிறான் என்பதே மூலக்கதை. இத்தொடரின் பழைய இதழ்களை வரிசையாகப் படித்து வருபவருக்கு ஒன்று தெளிவாகும். வாசகருக்கு முன்பே தொடரின் எழுத்தாளர்கள் அந்த இதழ்களைத் திரும்பத் திரும்பப் புரட்டியிருக்கிறார்கள். அவற்றில் இடித்த முரண்களிலிருந்தும் விடுபட்ட மனிதர்களிடமிருந்தும்தான் இதன் சிறந்த கதைகள் பிறந்தன.

முதல் இதழ்

அட்டையில் 1941 மார்ச் என்று அச்சிட்டிருந்தாலும், முதல் இதழ் 1940 டிசம்பர் 20 அன்றே கடைக்கு வந்துவிட்டது. விலை 10 சென்ட். அட்டைப்படத்தில் கேப்டன் அமெரிக்காவின் முஷ்டி ஹிட்லரின் தாடையில் இறங்குகிறது. சுற்றிலும் நாஜி வீரர்கள் சுடுகிறார்கள். ஒரு தோட்டா கேடயத்தில் பட்டுத் தெறிக்கிறது. அமெரிக்க வரைபடமும் நாசவேலைத் திட்டத் தாள்களும் அங்கே கிடக்கின்றன. கீழ் மூலையில் ஒரு வட்டத்துக்குள், கேப்டனின் தோழனான சிறுவன் பக்கி விறைப்பாகச் சல்யூட் அடிக்கிறான்.

பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு அப்போது ஓராண்டு இருந்தது. அமெரிக்கா போரில் இறங்கவில்லை. இறங்கவே கூடாது என்று சொன்னவர்களும் நிறையப் பேர். யூதக் குடும்பங்களில் பிறந்த சைமனும் கிர்பியும் தங்கள் பக்கம் எது என்பதை அந்த அட்டையிலேயே சொல்லிவிட்டார்கள். இதழ் பத்து லட்சம் பிரதிகளை நெருங்கி விற்றது. நாஜி ஆதரவாளர்களின் மிரட்டல்கள் அலுவலகத்துக்கு வந்தன. நியூயார்க் மேயர் லா கார்டியாவே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புக்கு உறுதி தந்ததாகச் சைமன் தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

முதல் இதழின் கேடயம் மூன்று மூலைகள் கொண்டது. எம்.எல்.ஜே. நிறுவனத்தின் ‘ஷீல்டு’ என்ற நாயகனின் மார்புக் கவசத்தை அது ஒத்திருந்ததால் ஆட்சேபம் எழுந்தது. அதனால் இரண்டாம் இதழிலேயே கேடயம் வட்டமானது. மூன்றாம் இதழில் ஒரு சின்ன உரைநடைக் கதை இருக்கிறது. ஸ்டான் லீயின் பெயர் முதன்முதலில் அச்சேறியது அதில்தான். கேடயத்தை எறிந்து தாக்கும் உத்தியும் அந்தக் கதையில்தான் முதலில் வருகிறது.

போரும் சரிவும்

பத்து இதழ்களோடு சைமனும் கிர்பியும் விலகினர். மற்றவர்கள் எழுதி வரைந்த போர்க்கால இதழ்களை இன்று படிக்க மனம் கனக்கிறது. ஜப்பானியர்களைக் கோரைப்பற்களோடு, மனிதச் சாயலே இல்லாமல் வரைந்த பக்கங்கள் அவற்றில் உண்டு. நாஜிகளின் இனவெறியை எதிர்க்கப் பிறந்த தொடர், இன்னொரு இனத்தை இழிவுபடுத்திய பக்கங்கள் அவை. மறுவாசிப்பில் அவற்றைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

போர் முடிந்ததும் விற்பனை படுத்தது. கடைசி இரண்டு இதழ்கள் ‘கேப்டன் அமெரிக்காஸ் வியர்ட் டேல்ஸ்’ என்ற திகில் இதழ்களாக வந்தன. 1950-இல் வெளியான இறுதி இதழில் நாயகனே இல்லை. 1953-இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடுபவராக அவர் திரும்பினார். 1954-இல் 76 முதல் 78 வரை மூன்றே இதழ்களோடு அந்த முயற்சியும் நின்றது.

பனிக்கட்டியில் கிடைத்தவர்

1964 மார்ச் தேதியிட்ட ‘அவெஞ்சர்ஸ்’ நான்காம் இதழில் ஸ்டான் லீயும் கிர்பியும் அவரை மீட்டெடுத்தனர். போரின் இறுதி நாட்களில் வெடிகுண்டு விமானம் ஒன்றைத் தடுக்கப் போய் பக்கி இறந்தான். கேப்டன் கடலில் விழுந்து பனியில் உறைந்து போனார் என்றது கதை. துள்ளித் திரிந்த நாயகன், தோழனைப் பறிகொடுத்த துயரத்தோடு, தன் காலம் கடந்துபோன உலகில் கண் விழித்தார்.

ஆனால் கணக்கு உதைத்தது. 1945 முதல் உறைந்து கிடந்தவர் என்றால், அதற்குப் பின் வந்த இதழ்களில் சண்டை போட்டது யார்?

இடைவெளியை நிரப்பிய கதைகள்

1972-இல் 153-ஆம் இதழோடு தொடரை ஏற்ற ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். மனசாட்சியின் பேரில் போரை மறுத்து ராணுவத்திலிருந்து வெளியேறியவர் அவர். 1950-களில் வந்தவர் வேறொரு ஆள். ரோஜர்ஸின் முகத்தை அறுவைச் சிகிச்சையால் பெற்றவர். குறைபட்ட மருந்தால் புத்தி பேதலித்து, கண்ட இடமெல்லாம் கம்யூனிஸ்டுகளைக் கண்டவர் என்று எழுதினார். சால் புஸ்ஸெமாவின் ஓவியத்தில் இரண்டு கேப்டன்களும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். ஒரே உடை, ஒரே முகம். தேசப்பற்று மட்டும் வேறு வேறு. மிஞ்சிய 1945–49 இடைவெளியை, 1977-இல் ‘வாட் இஃப்’ நான்காம் இதழில் ராய் தாமஸ் வேறு இரு நாயகர்களைக் கொண்டு நிரப்பினார்.

வாட்டர்கேட் ஊழல் அமெரிக்காவை உலுக்கிய நாட்களில் எங்கிள்ஹார்ட் எழுதியது ‘சீக்ரெட் எம்பயர்’. 1974 ஜூலை தேதியிட்ட 175-ஆம் இதழில், சதிக்கூட்டத்தின் தலைவனை வெள்ளை மாளிகைக்குள்ளேயே கேப்டன் பிடிக்கிறார். முகமூடி கழல்கிறது, முகம் மட்டும் வாசகருக்குக் காட்டப்படவில்லை. அவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அது அதிபர் நிக்சன்தான் என்று எங்கிள்ஹார்ட் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார். நிஜ நிக்சன் 1974 ஆகஸ்ட் 9 அன்று பதவி விலகினார். மனமுடைந்த ரோஜர்ஸ் 180-ஆம் இதழில் ‘நோமாட்’, அதாவது நாடோடி என்று பெயர் மாற்றிக்கொண்டு, 183-இல் பழைய உடைக்குத் திரும்பினார்.

2000-க்குப் பிந்திய மறுவாசிப்புகள்

2003-இல் ராபர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த ‘ட்ரூத்’ ஏழு இதழ்களில் முதல் இதழின் பரிசோதனைக்கூடத்துக்கே திரும்பியது. மாவீரர் மருந்தைக் கறுப்பின வீரர்கள்மீது சோதித்துப் பார்த்தார்கள் என்கிறது அந்தக் கதை. ஐசாயா பிராட்லி என்பவர் உயிர் தப்பி, சிறைக்குப் போகிறார். 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் மேகநோய்க்கு உரிய சிகிச்சை தராமல் அரசு நடத்திய ஆய்வின் நிழல் இதில் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

2005-இல் புதிதாகத் தொடங்கிய தொடரில் எட் புரூபேக்கரும் ஸ்டீவ் எப்டிங்கும், இறந்ததாக 40 ஆண்டுகள் நம்பப்பட்ட பக்கியைத் தொட்டார்கள். அவன் சாகவில்லை, சோவியத் கைகளில் நினைவழிந்து, ‘விண்டர் சோல்ஜர்’ என்ற கொலையாளியாக்கப்பட்டான். 2007-இல் 25-ஆம் இதழில் ரோஜர்ஸ் சுடப்பட்டார். அடுத்த ஆண்டு 34-ஆம் இதழில் கேடயத்தை ஏந்தி நின்றவன், 1941 அட்டையின் கீழ் மூலையில் சல்யூட் அடித்துக்கொண்டிருந்த அதே பக்கி.