கார்புரேட்டர்: பழுதும் டியூனிங்கும்

கார்புரேட்டர், பெட்ரோலை நுண்துளிகளாகச் சிதறடித்துக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் வந்தபின் இந்தியாவின் புதிய பைக்குகள் பெரும்பாலும் ஃபியூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. பழைய புல்லட், மொபெட், சிறு ஜெனரேட்டர், பவர் ஸ்பிரேயர் ஆகியவற்றில் கார்புரேட்டர்தான் இன்றும் இருக்கிறது.

வண்டி திணறினால் உடனே காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூவைத் திருகுவது பரவலான, தவறான பழக்கம். நேற்றுவரை சீராக ஓடிய வண்டியில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பு குறைவு. முதலில் பார்க்க வேண்டியவை ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர். அந்த ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று புகுந்தால் ஐடிலிங் நிலைக்காது. எவ்வளவு டியூனிங் செய்தாலும் பயனில்லை.

அடுத்தது சுத்தம். நாள்பட்ட பெட்ரோல் ஆவியாகும்போது படியும் பிசின், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும், துளை மிகச் சிறிதான ஸ்லோ ஜெட்டையே முதலில் அடைக்கும். சோக் போட்டால் ஓடி, எடுத்தால் அணைகிற வண்டியில் சந்தேகிக்க வேண்டிய இடம் அதுதான். இரும்புக் கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை அகன்று அளவு கெட்டுவிடும். கிளீனர் திரவமும் காற்றழுத்தமும் போதும். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் வடிந்தால் மிதவையின் ஊசி வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும்; தூசி சிக்கியிருக்கும் அல்லது முனை தேய்ந்திருக்கும்.

எஞ்சின் நன்கு சூடான பிறகே டியூனிங். கலவை ஸ்க்ரூவை இறுக்காமல் உட்காரும்வரை உள்ளே திருப்பி, தயாரிப்பாளர் சொன்ன சுற்றுகள் வெளியே எடுக்க வேண்டும். பல வண்டிகளில் இது ஒன்றரைச் சுற்றை ஒட்டி இருக்கும். ஐடிலிங்கைச் சற்று ஏற்றி, எஞ்சின் மிக வேகமாகச் சுழலும் இடத்தை இந்த ஸ்க்ரூவால் கண்டுபிடித்து, பின்பு ஐடிலிங்கை இறக்க வேண்டும். இந்த ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது; உள்ளே திருப்பினால் கலவையில் பெட்ரோல் கூடும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர்மாறு.

சிறிது தூரம் ஓட்டியபின் பிளக் கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம் சரி. பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் ஐயம் வந்தால் கலவையில் பெட்ரோலைக் கொஞ்சம் கூடுதலாகவே விடலாம்.

பிசின் படியாமல் இருக்க, மாதக்கணக்கில் நிற்கப்போகும் ஜெனரேட்டரில் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டரில் மிச்சமுள்ளது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும்.