வினைல் குளோரைடும் தொழிலாளர் பாதுகாப்பும்

பி.வி.சி. குழாய்களுக்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு, நிறமற்றதும் இலேசான இனிய வாசனையுடையதுமான விஷவாயு. வினைக்கலத்தின் உட்சுவரில் படிந்து இறுகும் பிசினை, தொழிலாளி கலத்தினுள் இறங்கி உளியால் சுரண்டி எடுப்பதே நெடுங்காலம் வழக்கமாயிருந்தமையால், அங்கே எஞ்சி நின்ற வாயு அவன் சுவாசத்தில் நேரே கலந்தது. இதனினும் கொடிய வேலை ஆலையில் வேறில்லை எனலாம். அமெரிக்காவின் லூயிவில் நகர ஆலையொன்றில், அபூர்வமான கல்லீரல் இரத்தநாளப் புற்றுநோய்க்குத் தொழிலாளர் சிலர் பலியான செய்தி 1974 ஜனவரியில் வெளியானபின், காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை அனுமதித்திருந்த அந்நாட்டு அரசாங்கம், அவ்வாண்டிலேயே எட்டு மணி நேரச் சராசரி வரம்பை 1 பங்காகக் குறைத்து விதி வகுத்தது. அவ்விதியை அனுஷ்டிப்பது அசாத்தியமென ஆலையுடைமையாளர் வாதிட்டனராயினும், முகமூடியை மட்டும் நம்பியிராமல், மூடிய கலத்தை அழுத்தமிக்க நீர்த்தாரையாலேயே கழுவும் முறை பரவியதும் அது சாத்தியமாயிற்று.