விவிலிய எண்கள்: பொருள்கோள் வரலாறு

விவிலியத்தில் வரும் வயது, நாள், ஆண்டு, ஆள்தொகை ஆகியவற்றை நேரான கணக்காகக் கொள்வதா, குறியீடாகக் கொள்வதா என்பது யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா. எல்லா எண்களுக்கும் ஒரே விடை பொருந்தாது. நூலின் வகையும் இடமும் நோக்கியே பொருள்கொள்ள வேண்டும் என்பதை இவ்வாய்வின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

மூலநூல்களில் குறியீடு

எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துகளே எண்களாகவும் வழங்கின. ஒரு பெயரின் எழுத்துகளைக் கூட்டி எண்ணாக்குவது அன்றைய வழக்கம். எபிரேயத்தில் தாவீது என்னும் பெயர் 4+6+4, அதாவது 14. மத்தேயு நற்செய்தி இயேசுவின் மூதாதையரை மூன்று பதினான்கு தலைமுறைகளாக வகுக்கிறது. இடையில் ஆண்ட அகசியா, யோவாசு, அமட்சியா என்னும் மூன்று அரசர்களை விட்டுவிடுகிறது. இயேசு தாவீதின் வழித்தோன்றல் என்பதை எண்ணாலும் உணர்த்தவே இந்த அமைப்பு எனப் பலர் கருதுகின்றனர்.

திருவெளிப்பாடு 13:18, 666 என்னும் விலங்கின் எண்ணைக் கணக்கிட்டுப் பார்க்குமாறு வாசகரையே கேட்கிறது. உரோமைப் பேரரசர் நீரோ சீசரின் பெயரது கிரேக்க வடிவத்தை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். லத்தீன் வடிவத்துக்கு 616. கி.பி. 180 அளவில் எழுதிய திருச்சபைத் தந்தை இரனேயு, சில சுவடிகளில் 666க்குப் பதிலாக இருந்த 616 என்ற பாடத்தை அறிந்திருந்தும் ஏற்கவில்லை. எகிப்தின் ஆக்சிரிங்கசில் கிடைத்து 1999இல் பதிப்பிக்கப்பட்ட பாப்பிரசில் அந்தப் பாடமே உள்ளது.

ஃபீலோவும் திருச்சபைத் தந்தையரும்

முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யூத மெய்யியலாளர் ஃபீலோ, படைப்பின் ஆறு நாள்களைக் கால அளவாகக் கொள்ளவில்லை. தன் வகுஎண்களான 1, 2, 3 ஆகியவற்றின் கூட்டுத்தொகையாக அமையும் 6 நிறைவின் எண் என்றார். அகுஸ்தீனும் இக்கருத்தைப் போற்றினார். யோவான் நற்செய்தியில் வலையில் சிக்கிய 153 மீன்களுக்கும் அவர் பொருள் கண்டார்: பத்துக் கட்டளைகளும் தூய ஆவியின் ஏழு கொடைகளும் சேர்ந்தால் 17, 1 முதல் 17 வரை கூட்டினால் 153. ஜெரோமோ உலகிலுள்ள மீன் வகைகளே 153 என்று கூறி, எல்லா மக்களினத்தாரையும் அந்த எண்ணில் கண்டார்.

நேர்ப்பொருள் கணக்கு

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், தலைமுறைப் பட்டியல்களையும் பண்டை அரசர்களின் ஆட்சிக்காலங்களையும் இணைத்துப் படைப்பின் ஆண்டு கி.மு. 4004 என 1650இல் கணித்தார். ஆனால் மூலச் சுவடிகளே ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. சேத்து பிறந்தபோது ஆதாமுக்கு எபிரேய பாடப்படி 130 வயது. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவசிந்தாவின்படி 230.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகர், தானியேல் நூலின் 2,300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு கிறிஸ்துவின் வருகையைக் கணித்தார். அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 அன்று காத்திருந்து பெரும் ஏமாற்றமடைந்தனர்.

எண்ணிக்கை நூல் இஸ்ரயேலரில் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் 6,03,550 பேர் என்கிறது. கணிதப் பாடநூல்கள் எழுதியவரான தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி ஆயர் ஜான் கொலென்சோ 1862இல் இதை அளந்து பார்த்தார். அவர்கள் சந்திப்புக் கூடாரத்தின் முன் அதன் அகலத்துக்கு ஏற்ப ஒன்பது ஒன்பது பேராக நின்றால் வரிசை ஏறக்குறைய 20 மைல் நீளும் எனக் காட்டியது திருச்சபையில் பெரும் புயலைக் கிளப்பியது. இங்கு 'ஆயிரம்' எனப்படும் எபிரேயச் சொல் ஒரு குடும்பக் குழுவைக் குறித்திருக்கலாம் எனத் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி 1906இல் கருதினார்.

இன்றைய அணுகுமுறை

திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1943இல், பண்டைய எழுத்து வகைகளை ஆராய்ந்தே விவிலியத்துக்குப் பொருள்கொள்ளுமாறு பணித்தார். விவிலியம் பிழையற்றது என வலியுறுத்தும் 1978 சிகாகோ அறிக்கையும் முழுமையாக்கப்பட்ட எண்களைப் பிழையாகக் கருதவில்லை.

எண்ணின் கணித அழகு மட்டுமே குறியீட்டுக்குச் சான்றாகாது. பவுல் பயணித்த கப்பலில் 276 பேர் இருந்ததாகத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. 1 முதல் 23 வரை கூட்டினாலும் 276தான். எனினும் அது கடற்பயண விவரிப்பில் வரும் ஆள்கணக்கு. எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்ன இயேசுவின் சொல்லைக் கேட்டு, 490 முறை மன்னித்தபின் நிறுத்திக்கொள்ளலாம் என எவரும் கொள்வதில்லை. முன்னதைக் குறியீடாக்குவதும் பின்னதைக் கணக்காக்குவதும் நூலாசிரியர் சொல்ல வந்ததை இழப்பதாகும்.