ஒப்படைப்பும் உடைமையும்: துணையற்ற அகதிக் குழந்தைகளிடத்தில் திருச்சபையின் பணி

பெற்றோரோ, சட்டப்படியோ வழக்கப்படியோ பொறுப்பேற்கும் பெரியவரோ உடனில்லாமல் நாட்டெல்லையைக் கடந்து வந்த பதினெட்டு வயதுக்குட்பட்டவரே துணையற்ற அகதிக் குழந்தை. பெற்றோரைப் பிரிந்தும் சித்தியோடோ மாமனோடோ பாட்டியோடோ வந்து சேர்ந்த குழந்தையின் நிலை வேறு. ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005இல் வெளியிட்ட ஆறாம் பொதுக் கருத்துரை இவ்விரண்டையும் பிரித்து வரையறுத்தது. இலங்கைப் போர்க்காலத்தில் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறித் தமிழ்நாட்டின் அரிச்சல்முனை மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்ட கூட்டத்தில் இந்த வேறுபாட்டைக் காண்பது எளிதன்று. குடும்பம் முழுவதும் ஒரே படகில் ஏறமுடியாத நெருக்கடியும், போராளி இயக்கங்களின் ஆள்சேர்ப்பில் பிள்ளை அகப்பட்டுவிடும் என்ற அச்சமும் பிள்ளைகளை முன்னே அனுப்பச் செய்தன. சேர்ந்து வந்த அயல்வீட்டாரின் குடும்ப அட்டையில் பெயர் ஏறிவிட்டால், அந்தப் பிள்ளை அதன்பின் அரசுக் கணக்கில் துணையற்றவனாகத் தெரிவதில்லை.

இலங்கையின் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் நான்கு அலைகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள், 2012 வரையிலான இந்திய உள்துறைக் கணக்குப்படி, 3,04,269 பேர். முதல் அலையில் மட்டும் 1,34,053 பேர் வந்தனர். இவர்களிடையே பணியாற்ற முன்வந்த அமைப்புகளில் கிறிஸ்தவ அமைப்புகளுக்குக் கணிசமான பங்குண்டு. அப்பணியை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. எத்தனை இல்லங்கள் கட்டப்பட்டன, எத்தனை குழந்தைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைத்தன என்பது வழக்கமான அளவுகோல். அது போதாது. குழந்தை எந்தப் பெயரோடும் மொழியோடும் நம்பிக்கையோடும் உறவோடும் வந்ததோ, அவற்றோடு திரும்பிச் செல்ல வழி இருந்ததா என்பதே கடினமான அளவுகோல். கிறிஸ்தவ நெறிக்கு நெருக்கமானதும் அதுவே.

அகதிகளைப் பற்றிய மறையுரைகளில் தவறாமல் வருவது திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்ற நிகழ்ச்சி. மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் அந்தக் குழந்தைக்குத் தாயும் வளர்ப்புத் தந்தையும் உடனிருந்தார்கள். ஆகவே துணையற்ற குழந்தைக்கு அது முழுமையாகப் பொருந்தாது. பொருத்தமானது விடுதலைப் பயணத்தின் இரண்டாம் அதிகாரம். கொலைக்குத் தப்புவிக்க நாணற்கூடையில் வைத்து ஆற்றங்கரை நாணலிடையே விடப்பட்ட மோசேயைப் பார்வோன் மகள் எடுக்கிறாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காள் இடையில் புகுந்து, பாலூட்டச் செவிலி ஒருத்தியை அழைத்துவரவா என்று கேட்டுப் பெற்ற தாயையே கொண்டுவந்து நிறுத்துகிறாள். மீட்புப்பணி அங்கே இரண்டு பகுதியாக நடக்கிறது: எடுத்தவள் ஒருத்தி, உறவைத் தேடி இணைத்தவள் இன்னொருத்தி. கிறிஸ்தவத் தொண்டு வரலாறு முதலாமவளை நெடுங்காலம் போற்றியது. இரண்டாமவளின் வேலையைக் கற்றுக்கொண்டது மிகப் பின்னரே. அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் கடவுள் நீதி செய்கிறார், அந்நியனிடம் அன்பு கூருங்கள் என்று இணைச்சட்டம் பத்தாம் அதிகாரம் வலியுறுத்துவதும் கவனத்துக்குரியது. அங்கே பேசப்படுவது இரக்கம் மட்டுமன்று, நீதியும்தான்.

தமிழகத்தில் மிஷன் அநாதை இல்லங்கள் பெருகிய காலம் 1876–78 தாது வருடப் பஞ்சம். பெற்றோர் மாண்டும், பிழைப்புத் தேடிப் போனவர்கள் திரும்பாமலும் கைவிடப்பட்ட குழந்தைகளைப் புராட்டஸ்டண்ட் மிஷன்களும் கத்தோலிக்கத் துறவற சபைகளும் ஏற்றன. கத்தோலிக்கத் தரப்பில் நிதிக்கு ஆதாரமாயிருந்தவற்றுள் ஒன்று, 1843இல் பிரான்சில் ஆயர் ஃபோர்பன்-ஜான்சன் தொடங்கிய திருக்குழந்தை சபை. ஐரோப்பியச் சிறுவர் சில்லறைக் காசு சேர்த்துத் தொலைநாட்டுக் குழந்தைகளுக்கு அனுப்பிய அந்த ஏற்பாட்டில் உயிர்காப்பும் திருமுழுக்கும் ஒரே நோக்கமாகப் பின்னிக் கிடந்தன. அக்குழந்தைகள் பிழைத்தது பெரிய காரியம். ஆனால் அவர்களில் பலருக்கு ஊரும் உறவும் முற்றாக அழிந்துபோயின. புதிய பெயரும் மதமும் மிஷன் குடியிருப்பும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பஞ்சத்தில் உறவினரைத் தேடுவது நடைமுறையில் இயலாத காரியம் என்று வாதிடலாம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் இயலாமையாகத் தொடங்கியது பின்னர் முறையாகவே நிலைத்துவிட்டது என்பதே குறை.

இதற்கு நேர்மாறான ஒரு சான்று இந்திய மண்ணிலேயே உண்டு. 1940–41இல் கிழக்குப் போலந்திலிருந்து சோவியத் ஆட்சி சைபீரியாவுக்கும் நடு ஆசியாவுக்கும் கடத்திச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள், 1941 ஜூலையில் போலந்து–சோவியத் உடன்பாடு ஏற்பட்டபின் வெளியேற வழி கிடைத்து, அஷ்காபாத் வழியே லாரிகளில் இந்தியா கொண்டுவரப்பட்டார்கள். நவாநகர் சமஸ்தானத்து ஜாம் சாகேப் திக்விஜய்சிங்ஜி ஜாம்நகரை அடுத்த பாலாசடியில் அவர்களுக்கு முகாம் அமைத்தார். 1942 முதல் 1946 வரை நடந்த அம்முகாமில் நூற்றுக்கணக்கான கத்தோலிக்கப் பிள்ளைகள் ஓர் இந்து மன்னரின் பொறுப்பில் வளர்ந்தார்கள். முகாம் தலைவராயிருந்தவர் ஃபிரான்சிஷெக் புளூட்டா என்ற போலந்துக் குரு. வழிபாடும் பாடமும் போலந்து முறையிலேயே நடந்தன. மன்னர் அவர்களைத் தம் பிள்ளைகளாக அறிவித்தபோதும் தம் மதத்துக்கோ மொழிக்கோ இழுக்கவில்லை. வார்சாவில் அவர் பெயரால் இன்று ஒரு சதுக்கம் இருக்கிறது.

அந்தக் கதையிலும் ஒரு சிக்கல் உண்டு. போர் முடிந்தபின் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குட்பட்ட போலந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கேட்டபோது, அதைத் தடுக்க மன்னரும் புளூட்டாவும் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரும் சேர்ந்து ஆதரவற்ற பிள்ளைகளைச் சட்டப்படி தத்தெடுத்தார்கள். தத்து அங்கே உறவை அறுக்கும் கருவியாகப் பயன்படவில்லை. விரும்பாத இடத்துக்கு அனுப்பப்படுவதைத் தடுக்கும் அரணாக நின்றது. ஆயினும் போலந்தில் உயிரோடிருந்த உறவினர் சிலரிடமிருந்து பிள்ளைகள் தள்ளிவைக்கப்படக்கூடும் என்ற கேள்விக்கு அதில் முழு விடை இல்லை. நல்ல நோக்கமும் சரியான முடிவும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

அதே தலைமுறையில் பிரான்சில் நடந்த ஃபினாலி வழக்கு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆஸ்திரியாவிலிருந்து தப்பி வந்த யூதத் தம்பதியர் 1944இல் நாஜிகளால் பிடித்துச் செல்லப்படுமுன் தம் இரு ஆண்மக்களைப் பாதுகாப்பில் விட்டுச் சென்றார்கள். கிரெனோபிளில் அவர்களைக் காத்த பெண்மணி 1948இல் அவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கச் செய்தார். தந்தையின் சகோதரிகள் உரிமை கோரியபோது பிள்ளைகளைத் தர மறுத்தார். நீதிமன்றத் தீர்ப்பு உறவினர் பக்கம் போனதும், துறவியரும் குருக்களும் உடந்தையாகச் சிறுவர்கள் ஸ்பெயினுக்குள் மறைக்கப்பட்டார்கள். 1953இல்தான் அவர்கள் அத்தையிடம் சேர்ந்தார்கள். உயிரைப் பணயம் வைத்துக் காத்தவர்களே பின்னர் உறவினருக்கு எதிராக நின்றது அந்த வழக்கின் கசப்பான பகுதி. இரக்கம் குறைந்ததால் நேர்ந்த தவறு அன்று இது. இரக்கம் உரிமையாக மாறியதே காரணம்.

திருச்சபைச் சட்டம் இன்று இதில் தெளிவாக உள்ளது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 868ஆம் விதி, குழந்தைக்கு முறைப்படி திருமுழுக்குக் கொடுக்கப் பெற்றோரில் ஒருவரோ அவர்கள் இடத்தில் சட்டப்படி இருப்பவரோ இசைய வேண்டும் என்கிறது. உயிராபத்து மட்டுமே விதிவிலக்கு. நாட்டுச் சட்டத் தரப்பில், இந்தியா 1992 டிசம்பரில் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, குடும்பத்தை இழந்த குழந்தைக்கு மாற்றுப் பராமரிப்பு தேடும்போது இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சியைக் கருதச் சொல்கிறது; 22ஆம் பிரிவு அகதிக் குழந்தையின் பெற்றோரைத் தேடிக் கண்டறியும் முயற்சிகளுக்கு ஒத்துழைப்பதை அரசின் கடமையாக்குகிறது.

அகதிகளைப் பற்றி இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டமும், 2025இல் அதன் இடத்துக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டினர் சட்டமும் அகதியை வெளிநாட்டவராகவே காண்கின்றன. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேச, ஆப்கானிஸ்தான் கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கைத் தமிழருக்கு, அவர்கள் கிறிஸ்தவராயினும் சைவராயினும், திறக்கவில்லை. இந்த இருட்டில் ஒரு வெளிச்சம் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைக்கு அது தரும் வரையறையில் குடியுரிமை நிபந்தனை எதுவும் இல்லை. அத்தகைய குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும் (31ஆம் பிரிவு). பதிவு பெறாத இல்லத்தில் வைத்திருக்கக் கூடாது (41ஆம் பிரிவு). குடும்பத்தில் மீளச் சேர்ப்பதே இல்லங்களின் முதன்மை நோக்கம் என்கிறது 40ஆம் பிரிவு. இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்பது சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளில் ஒன்று. அருள்சகோதரிகள் நடத்தும் இல்லங்கள் சில இச்சட்டத்தைத் தொந்தரவாகக் கருதுவதுண்டு. ஆனால் மோசேயின் அக்காள் செய்த வேலையைத்தான் இச்சட்டம் நிறுவனங்களிடம் கேட்கிறது.

முகாம்களில் நடந்த பணி இந்த நெறிக்கு எவ்வளவு அருகில் வந்தது? இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே வியட்நாம் படகு மக்களின் துயரத்தைக் கண்டு 1980 நவம்பரில் தொடங்கிய அகதிகள் பணிக்குழு, 1990 அலைக்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்தது. இல்லம் கட்டிப் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது அதன் வழியாக அமையவில்லை. முகாமுக்குள்ளேயே மாலை வகுப்புகள் நடத்தியது. சொல்லிக்கொடுப்பவர்களாக முகாமில் படித்த இளைஞர்களையே அமர்த்தியது. மதம் பாராமல் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். இலங்கைத் தமிழ்த் தலைவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் சா.செ. சந்திரகாசன் தலைமையில் அகதிகளே 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் கல்வியோடு பிறப்புப் பதிவிலும் இறங்கியது. முகாமில் பிறந்த குழந்தைக்குச் சென்னை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு கிடைத்தால்தான் நாடு என்று ஒன்று உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைவதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. பள்ளிச் சேர்க்கையும் பாதிக்கப்பட்டது. அக்காலத்தில் மாலை வகுப்பு நின்ற இடங்களில் இழப்பு பாடத்தோடு போகவில்லை. எந்தப் பிள்ளை யாரோடு இருக்கிறது என்று நாள்தோறும் பார்த்திருந்த கண்ணும் போனது.

கடலுக்கு அப்பால், இலங்கையில், இப்பணிக்குக் கொடுத்த விலை பெரிது. மடு மாதா ஆலய வளாகம் பல்லாயிரம் பேருக்குப் புகலிடமாயிருந்தது. 1999 நவம்பர் 20 அன்று அங்கே விழுந்த எறிகணைகளில் நாற்பது பேரளவில் மாண்டார்கள். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் 2006 ஆகஸ்டில் காணாமற்போனார். மன்னாரில் இயேசு சபை அகதிகள் பணிக்குழுவின் பொறுப்பாளராயிருந்த அருட்தந்தை நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் 2007 செப்டம்பர் 26 அன்று நிவாரணப் பணிக்குப் போகும் வழியில் கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார்.

கடலோரத்தை விட்டு உள்ளே வந்தால், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கும் இப்பொருளுக்கு வெளியே நிற்கும் நிலப்பகுதியன்று. தேனி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. காமயகவுண்டன்பட்டியை அடுத்த இராயப்பன்பட்டியும், அனுமந்தன்பட்டியும் பழைய கத்தோலிக்க ஊர்கள். பள்ளிகளும் விடுதிகளும் நடத்தித் தேர்ந்தவை. முல்லைப் பெரியாறு அணைத் தகராற்றின் கொந்தளிப்பில், 2011 டிசம்பரில், கேரளத்து இடுக்கி ஏலத்தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலைப்பாதைகளில் தேவாரம், போடிப் பக்கம் இறங்கி வந்ததும் இந்தத் தலைமுறை கண்டதே. அவர்கள் நாட்டெல்லையைக் கடக்கவில்லை. சட்டப்படி அகதிகள் அல்லர். ஆனால் கூட்டமாக ஓடி வரும்போது பிள்ளை பிரிவது எவ்வளவு எளிது என்பதைப் புரிந்துகொள்ள இவ்வட்டாரத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. அத்தகைய வேளையில் ஒரு பங்கு செய்யக்கூடிய முதற்பணி விடுதிக் கதவைத் திறப்பது என்றே நினைக்கத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியவை பிள்ளை சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்வது, 1098 என்ற குழந்தை உதவி எண்ணுக்குத் தெரிவிப்பது, நலக்குழுவிடம் கொண்டுசெல்வது.

திருச்சபையிடம் மட்டும் உள்ள, பெரிதும் பயன்படுத்தப்படாத ஒரு வளம் திருமுழுக்குப் பதிவேடு. திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 877ஆம் விதிப்படி அதில் குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும் பிறந்த நாளும் இடமும் இருக்கும். போரில் அரசுப் பதிவுகள் சிதறிய ஊர்களில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையின் பெற்றோர் யார், ஞானத்தாயாக நின்ற அத்தை எந்த ஊரார் என்பதற்கு அதுவே சான்றாகலாம். சைவப் பிள்ளைகளுக்கு இவ்வசதி இல்லை. அவர்களுக்கு ஊர்க்கோயில்களையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளையும் நாட வேண்டும், அதிலும் பங்குத்தந்தையரின் ஊர்த்தொடர்பு உதவும். மதுரை உயர்மறைமாவட்டமும் மன்னார், யாழ்ப்பாண மறைமாவட்டங்களும் தங்கள் பதிவேடுகளை அந்தரங்கம் காத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பொது ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். புதிய இல்லத்துக்கு ஒதுக்கும் நிதியின் ஒரு பகுதியை இதற்குத் திருப்ப வேண்டும்.